புல்முடிச்சும் கட்டளைப் பட்டியலும்: மலைபடுகடாத்திலும் ஜப்பானிய உரைச் சாகச விளையாட்டுகளிலும் வழிகாட்டியின் இடம்

ஜவ்வாது மலையில் பிறந்து செங்கத்தை ஒட்டி ஓடும் செய்யாற்றைச் ‘சேயாறு’ என்று பெயர் சொல்லிப் பாடிய நூல் மலைபடுகடாம். இரணியமுட்டத்துப் பெருங்குன்றூர்ப் பெருங்கௌசிகனார் 583 அடிகளில் பாடிய இப்பாட்டுக்குக் கூத்தராற்றுப்படை என்ற பெயரும் உண்டு. பாட்டுடைத் தலைவன், பல்குன்றக் கோட்டத்துச் செங்கண்மாவை ஆண்ட நன்னன் சேய் நன்னன். செங்கண்மா இன்றைய செங்கம் என்றும், பாட்டில் வரும் நவிரமலை கலசப்பாக்கம் பக்கமுள்ள பருவதமலை என்றும் அறிஞர் பலர் கொள்வர். பரிசில் பெற்றுத் திரும்பும் கூத்தன், இனிமேல் போகவிருக்கும் கூத்தர் தலைவனுக்கு மலைவழி சொல்வதே நூலின் கட்டமைப்பு. முன்னிலையில் பேசும் இந்த அமைப்பை 1980களின் ஜப்பானிய உரைச் சாகச விளையாட்டுகளோடு வைத்துப் பார்க்கிறது இக்கட்டுரை. ஒன்றிலிருந்து மற்றொன்று பிறந்தது என்பது என் வாதமன்று. புதிரையும் கிளைக்கதையையும் விட, வழிகாட்டி எங்கே நிற்கிறான் என்பதே இவ்வகைக் கதைசொல்லலின் அச்சு என்பதே வாதம்.

வினைச்சொல்லின் சிக்கல்

உரைச் சாகச விளையாட்டும் நிலத்திலிருந்தே பிறந்தது. அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்து மாமத் குகையில் நுழைந்து அளந்த அனுபவத்தைக் கொண்டு வில் கிரௌதர் 1976 வாக்கில் முதல் விளையாட்டை எழுதினார். ஆடுபவர் சொல்லைத் தட்டச்சிட வேண்டும். கணினிக்குத் தெரிந்த சொல்லாக அது அமைந்தால் கதை நகரும், இல்லையேல் நின்றுவிடும்.

ஹோரி யூஜி 1983இல் எழுதி எனிக்ஸ் வெளியிட்ட ‘போர்ட்டோபியா தொடர் கொலை வழக்கு’ இம்முறையில்தான் தொடங்கியது. களம் கோபே நகரம்; கடன் நிறுவனத் தலைவர் ஒருவர் பூட்டிய அறைக்குள் பிணமாகக் கிடக்கிறார். அடுத்த ஆண்டு வந்த, ஹொக்கைடோ கொலை வழக்கு பற்றிய விளையாட்டில் ஹோரி தட்டச்சைக் கைவிட்டு, கட்டளைகளைப் பட்டியலாகத் திரையில் வைத்தார். 1985இல் போர்ட்டோபியா ஃபாமிகாம் விளையாட்டுக் கருவிக்கு வந்தபோது அதிலும் 14 கட்டளைகள் கொண்ட பட்டியல் இடம்பெற்றது. அந்தக் கருவியில் விசைப்பலகை இல்லை என்பது வெளிப்படையான காரணம். விளைவு அதைவிடப் பெரிது. எந்தச் சொல்லைக் கணினி ஏற்கும் என்று ஊகிக்கும் வேலை போய், கேள், தேடு, காட்டு என்ற சில வினைகளை எங்கே, யாரிடம் பயன்படுத்துவது என்று சிந்திக்கும் வேலை வந்தது. மொழித்தேர்வு வாசிப்பாக மாறியது.

ஏவலும் நிபந்தனையும்

மலைபடுகடாத்துக் கூத்தன் வழிசொல்வதும் பட்டியலோடுதான் தொடங்குகிறது. வழியின் இயல்பு, தங்குமிடம், கிடைக்கும் உணவு, நன்னனின் கொடை, நவிரத்துக் கடவுள், சேயாறு, மூதூர் எனத் தான் சொல்லப்போவதை அவன் முன்னரே அடுக்கிவிடுகிறான். பிறகு ‘மின்’ ஈற்று ஏவல்கள் வரிசையாக வருகின்றன. பாம்பு ஒடுங்கிய குழிகளைக் குறித்துக்கொண்டு, விறலியர் கைதொழ, வழியைச் சற்றே விலகி வலப்பக்கமாகக் கழிய வேண்டும். யானையை விரட்டக் குறவர் வீசும் கவண்கல் கூற்றம்போல் வரும். மரத்தை மறைவாகக் கொண்டு கடக்க வேண்டும். பொழுது சாய்ந்தால் கற்குகையைச் சொந்த வீடாகக் கருதித் தங்க வேண்டும். ஒவ்வொரு இடருக்கும் அதன் இடமும் செயலும் இணையாகவே சொல்லப்படுகின்றன.

பாட்டில் வாசகருக்குத் தேர்வு ஏது என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. விளையாட்டில் கிளை திரையில் விரிகிறது. பாட்டில் அது வாக்கியத்துக்குள், ‘எனின்’ என்ற நிபந்தனையில் மடிந்து கிடக்கிறது. வேளாகிய நன்னனின் கூத்தர் நாங்கள் என்று சொன்னால் குறவர் சிற்றூரில் வாயிலில் காத்து நிற்காமல் சொந்த வீடுபோல் உள்ளே போகலாம் என்கிறான் கூத்தன். சரியான ஆளிடம் சரியான சொல். உடனே கதவு திறக்கிறது. ஜப்பானிய விளையாட்டின் உரையாடற் கட்டளை செய்வதும் இதுவே.

நம்பத்தக்கவன் யார்?

வேறுபாடு வழிகாட்டியில் இருக்கிறது. மலைபடுகடாத்துக் கூத்தன் போய் வந்தவன். அவன் பெற்ற பரிசிலே அவன் சொல்லுக்குச் சான்று. எதையும் மறைப்பதில் அவனுக்கு ஆதாயம் இல்லை. போர்ட்டோபியாவில் ஆடுபவர் பெயரற்ற துப்பறிவாளர். அவரை ‘பாஸ்’ என்று அழைத்து, இட்ட கட்டளையைச் செய்து, கண்டதை வந்து சொல்பவன் உதவியாளன் யாசு. ஆடுபவர் கண்ணும் காதும் அவனே. கொலையாளியும் அவனே. கட்டளையை நிறைவேற்றும் கருவியையே ஐயத்துக்கு உள்ளாக்கியதுதான் ஹோரியின் சாதனை. கட்டளைப் பட்டியல் இத்திருப்பத்துக்குத் துணைநின்றது என்பேன்: தட்டச்சில் கணினியோடு மல்லுக்கட்டும் ஆடுபவர், பட்டியலில் யாசுவோடு பழகிவிடுகிறார். பழக்கம் இருந்தால்தான் துரோகம் சுடும்.

முடிவுரை

மலைபடுகடாத்தில் ஒரு நுட்பமான ஏவல் உண்டு. வழி பிரியும் இடங்களில், நிலம் அறியாமல் பின்னால் வரும் புதியவர்க்காகப் புல்லை முடிந்து அடையாளம் இடுங்கள் என்கிறான் கூத்தன். கிரௌதரின் குகையில் ஒரே மாதிரித் தோன்றும் சிக்கல் வழிகளை வேறுபடுத்த, ஆடுபவர்கள் கையிலிருந்த பொருள்களைக் கீழே போட்டு வைத்ததை இது நினைவூட்டும். ஆனால் அவர்கள் அதைத் தமக்காகச் செய்தார்கள். கூத்தர் முடியும் புல் பிறர்க்காக. வழி கேட்டவன் அந்த முடிச்சோடு வழிகாட்டி ஆகிவிடுகிறான்.

ஜப்பானிலும் போய் வந்தவர்கள் போகிறவர்களுக்குச் சொன்னார்கள். ‘கொலையாளி யாசு’ என்பது அங்கே விளையாடாதவர்களும் அறிந்த சொல்வழக்கு. அதுவும் ஒருவகை ஆற்றுப்படையே. நன்னனின் மலையில் முன்னரே தெரிந்த வழி உயிரைக் காத்தது. கோபே நகரத்தில் அது கதையைக் கொன்றது.