தாமதத்திற்கு விலை என்ன?

தீபாவளிக்கு மூன்று வாரம் இருக்கும்போதே துணியை எடுத்துத் தையற்கடையில் கொடுத்து, முன்பணமும் கட்டிவிடுகிறோம். திருநாள் விடிந்த பிறகும் சட்டை வந்து சேரவில்லை, மறுநாள்தான் வருகிறது. வாங்கியவருக்குக் கோபம். தையற்காரரோ, இயந்திரம் பழுதாகிவிட்டது என்கிறார். அவரும் நம்மைப் போல் உழைத்துப் பிழைப்பவர்தான். இப்போது அவர் நமக்கு எவ்வளவு ஈடு தரவேண்டும்? கூலியைக் குறைத்தால் போதுமா? அல்லது நாம் கேட்பதையெல்லாம் தரவேண்டுமா?

இந்தக் கேள்விக்கு விடை தேடிய வரலாறு ஒன்று உண்டு. அது தொடங்கிய இடம் இங்கிலாந்தில் உள்ள குளோஸ்டர் என்னும் நகரம். ஆண்டு 1853.

குளோஸ்டரில் ஹேட்லி என்ற குடும்பத்தார் நீராவியால் ஓடும் மாவு ஆலை ஒன்றை நடத்தி வந்தார்கள். அந்த ஆண்டு மே மாதம் நீராவி இயந்திரத்தின் சுழல்தண்டு உடைந்துபோயிற்று. ஆலை நின்றது. புதிய தண்டு செய்யவேண்டிய தொழிற்சாலையோ இலண்டனுக்கு அருகே கிரீனிச்சில் இருந்தது. உடைந்த தண்டை மாதிரியாக அனுப்பினால்தான் அதே அளவில் புதியதை வார்க்க முடியும். ஆகவே பிக்ஃபோர்ட்ஸ் என்னும் சரக்கு ஏற்றிச் செல்லும் நிறுவனத்தை நாடினார்கள். நண்பகலுக்கு முன் கொடுத்தால் மறுநாள் கிரீனிச் போய்ச் சேரும் என்று அங்கே சொன்னார்கள். மே 14-ஆம் நாள் தண்டு ஒப்படைக்கப்பட்டது. கூலி 2 பவுன் 4 ஷில்லிங்.

ஆனால், நிறுவனத்தாரின் கவனக்குறைவால் தண்டு தாமதமாகப் போய்ச் சேர்ந்தது. அதனால் புதிய தண்டும் தாமதமாக வந்தது. சுமார் ஐந்து நாள் ஆலை வீணே நின்றது. இலாபம் போயிற்றே என்று ஹேட்லி குடும்பத்தார் 300 பவுன் கேட்டு வழக்குத் தொடுத்தார்கள். நிறுவனமோ 25 பவுனை நீதிமன்றத்தில் கட்டி, இது போதும் என்றது. ஜூரிகள் அதற்குமேல் இன்னும் 25 பவுன் கொடுக்கச் சொன்னார்கள். நிறுவனம் அதை ஏற்காமல் மேலே சென்றது.

1854-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் நீதிபதி ஆல்டர்சன் தீர்ப்பைப் படித்தார். அதில் இரண்டு விதிகள் இருந்தன. முதலாவது: தாமதம் நேர்ந்தால் உலக வழக்கில் இயல்பாக என்ன நட்டம் வருமோ, அதைக் கொடுக்கவேண்டும். இரண்டாவது: அதற்கு மேற்பட்ட தனி நட்டம் எதுவாயினும், ஒப்பந்தம் செய்தபோதே இரு தரப்பாரும் அதை மனத்தில் வைத்துப் பேசியிருந்தால் மட்டுமே கொடுக்கவேண்டும்.

இந்த அளவுகோலை வைத்துப் பார்த்தார்கள். உடைந்த தண்டு ஒன்றை ஆலைக்காரர் அனுப்புகிறார் என்பது மட்டுமே நிறுவனத்திற்குத் தெரியும். அந்த ஆலையில் மாற்றுத் தண்டு ஒன்று இருந்திருக்கலாம். வேறு கோளாறினாலும் இயந்திரம் நின்றிருக்கலாம். இந்தத் தண்டு இல்லாவிட்டால் ஆலையே நிற்கும் என்று யாரும் எடுத்துச் சொன்னதாக நீதிமன்றம் கொள்ளவில்லை. ஆகவே இழந்த இலாபத்தைக் கணக்கில் சேர்க்கக்கூடாது என்று கூறி, மறுவிசாரணைக்கு உத்தரவிட்டார்கள்.

நேயர்களே, இது ஏழைக்கு எதிரான தீர்ப்பா, பணக்காரருக்குச் சாதகமான தீர்ப்பா என்று கேட்கத் தோன்றும். இந்த வழக்கில் பிழைத்துக்கொண்டது பெரிய நிறுவனம்தான். ஆனால், விதி எல்லாருக்கும் பொது. சற்று மாற்றிப் பாருங்கள். வீட்டில் முறுக்குச் சுட்டு விற்கும் ஓர் அம்மையார், 20 வெள்ளி இலாபத்திற்காக ஒரு கடைக்குப் பலகாரம் தர ஒப்புக்கொள்கிறார். ஒரு நாள் பிந்திவிடுகிறது. கடைக்காரர், “இதனால் ஒரு பெரிய கம்பெனியின் ஆர்டர் போயிற்று, 5,000 வெள்ளி கொடு” என்கிறார். அந்தக் கம்பெனியைப் பற்றி முன்கூட்டியே சொல்லியிருந்தால், அம்மையார் துணைக்கு ஆள் வைத்திருப்பார். கூடுதல் விலை கேட்டிருப்பார். அல்லது என்னால் ஆகாது என்று சொல்லியிருப்பார். சொல்லாமல் மறைத்த சுமையை அவர் தலையில் ஏற்றுவது நியாயம் ஆகாது.

அதற்காகத் தாமதம் செய்தவர் தப்பித்துக்கொள்ளவும் முடியாது. இதையும் ஒரு வழக்கு காட்டுகிறது. 1946-இல் இங்கிலாந்தில் ஒரு சலவை நிறுவனம் பெரிய கொதிகலன் ஒன்றை வாங்க ஏற்பாடு செய்தது. ஜூன் மாதம் வரவேண்டியது நவம்பரில் வந்தது. விற்றவர்களுக்கு, வாங்குவோர் சலவைத் தொழில் செய்பவர்கள் என்பதும், கொதிகலன் உடனே தேவை என்பதும் தெரியும். ஆகவே சாதாரணச் சலவையில் இழந்த இலாபத்திற்கு ஈடு தரவேண்டும் என்று 1949-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் கூறியது. ஆனால், அரசாங்கத்துடன் இருந்த தனிப்பட்ட சாயமிடும் ஒப்பந்தத்தின் கொழுத்த இலாபத்தை அப்படியே கேட்கமுடியாது என்றது. அது விற்றவர்களுக்குத் தெரியாது அல்லவா?

இங்கிலாந்தில் பிறந்த இந்த விதி கடல் கடந்தது. 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தில் 73-ஆம் பிரிவாக இடம்பெற்றது. அந்தச் சட்டத்தைப் பின்பற்றியே மலாயாவின் 1950-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டம் எழுதப்பட்டது. இன்றைய மலேசியாவிலும் அதுவே வழங்குகிறது. அதில் 74-ஆம் பிரிவைப் பார்த்தால் குளோஸ்டர் ஆலையின் சுவடு தெரியும். இயல்பான நட்டத்திற்கும், இருவரும் அறிந்திருந்த நட்டத்திற்கும் ஈடு உண்டு. தொலைவான, மறைமுகமான நட்டத்திற்கு இல்லை. நட்டத்தைக் குறைக்க நம் கையில் இருந்த வழிகளையும் நீதிமன்றம் கணக்கில் கொள்ளும்.

இன்னும் இரண்டு பிரிவுகளைக் குடும்பத்தார் நினைவில் வைக்கவேண்டும். குறித்த நாளே முக்கியம் என்று பேசிய ஒப்பந்தத்தில், பொருள் பிந்தி வந்தால் அதை மறுக்க நமக்கு உரிமை உண்டு. ஆனால், பேசாமல் வாங்கிக்கொண்டால், பிறகு ஈடு கேட்க முடியாது. வாங்கும்போதே, “ஈடு கேட்பேன்” என்று சொல்லிவிடவேண்டும். இது 56-ஆம் பிரிவு. அடுத்து, “பிந்தும் ஒவ்வொரு நாளுக்கும் 100 வெள்ளி” என்று தாளில் எழுதியிருந்தாலும், நீதிமன்றம் அந்தத் தொகைக்கு மேற்படாமல் நியாயமானதையே கொடுக்கச் சொல்லும். இது 75-ஆம் பிரிவு. மிரட்டலுக்காக எழுதிய தொகையைக் கண்டு சிறு தொழில் செய்பவர் நடுங்கவேண்டியதில்லை.

வழக்குக்குப் போனால் செலவாகுமே என்று அஞ்சுவோர் உண்டு. 1999-ஆம் ஆண்டின் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் ஒரு நடுவர் மன்றம் அமைந்திருக்கிறது. சொந்த உபயோகத்திற்கு வாங்கியவர்கள் 50,000 வெள்ளி வரையிலான கோரிக்கையை அங்கே கொண்டுபோகலாம். மனுவுக்குக் கட்டணம் 5 வெள்ளி. பொதுவாக வழக்கறிஞர் இல்லாமலே விசாரணை நடக்கும்.

ஆகவே, நேயர்களே, ஆர்டர் கொடுக்கும்போது நாளை மட்டும் சொல்லாதீர்கள். அந்த நாள் ஏன் முக்கியம் என்பதையும் சொல்லுங்கள். அதை ரசீதின் மூலையில் ஒரு வரி எழுதி வாங்குங்கள். ஆர்டர் எடுப்பவரும், முடியாத நாளுக்கு முடியும் என்று வாக்குக் கொடுக்கவேண்டாம். பிந்தும் என்று தெரிந்தவுடனே சொல்லி அனுப்பினால், வாங்குபவர் வேறு வழி பார்ப்பார், நட்டமும் குறையும். ஆல்டர்சன் அன்று வகுத்த நியாயம் இதுதான்: அறிந்து ஏற்ற சுமைக்கு மனிதன் பொறுப்பு, அறியாத சுமைக்கு அல்ல.