மதுச்சாடியும் தேயிலைப் பெட்டியும்

சங்கப் புலவர்கள் யவனர் கொணர்ந்த மதுவைத் தேறல் என்று போற்றினர். மகளிர் பொற்கலத்தில் ஏந்தித் தர மன்னர் அருந்திய அத் தேறலின் மணத்தை நாம் ஆண்டுதோறும் மாணவர்க்கு எடுத்துரைக்கிறோம். அது எந்த மலைச்சரிவில் விளைந்தது, விளைவித்த கைகள் யாருடையவை என்பதைப் பாட்டுக் கூறுவதில்லை. தேயிலை மலைகளிடையே வாழும் நமக்கோ அவ்வினா தவிர்க்க இயலாதது.

புதுச்சேரிக்கு அருகே அரிக்கமேட்டில் 1945இல் மார்ட்டிமர் வீலர் அகழ்ந்தபோது மதுச்சாடிகளின் உடைசல்கள் கிடைத்தன. அங்குக் கிடைத்த சாடிகளுட் சில, இத்தாலியின் கம்பானியா நாட்டில் வனையப்பட்டவை என்பதை, மண்ணிற் கலந்திருந்த எரிமலைக் கருமணலே பின்வந்த ஆய்வாளர்க்கு உணர்த்திற்று.

அந்நாட்டின் புகழ்பெற்ற மது பலேர்னியம். மலையுச்சியில் விளைந்ததற்கு ஒரு பெயர், நடுச்சரிவில் விளைந்ததற்கு ஒரு பெயர், அடிவாரத்தில் விளைந்ததற்கு ஒரு பெயர் என அதனை மூவகையாகப் பிரித்தனர் என்கிறார் பிளினி. இலங்கைத் தேயிலையும் 2,000 அடி, 4,000 அடி என்ற எல்லைகளால் மூவகைப்படுவதை நம் மாணவரும் அறிவர். பலேர்னியம் பதினைந்து ஆண்டு முதிர்ந்த பின்னரே பதமுற்றது எனக் கருதப்பட்டது. கி.மு. 121இல் ஒபிமியசு ஆட்சித்தலைவராக இருந்த ஆண்டின் மது அவர் பெயராலேயே வழங்கிற்று. ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளுக்குப் பின்னும் அது கசப்புத் தேன்போல இறுகி எஞ்சியிருந்ததாம்.

மலைக்குப் பெயர் உண்டு. ஆட்சித்தலைவருக்குப் பெயர் உண்டு. கொடியைக் கவாத்துச் செய்தவனுக்கு? கி.பி. முதல் நூற்றாண்டில் உழவுநூல் எழுதிய கொலுமெல்லா, திராட்சைத் தோட்டத்துக்குக் கூர்மதி உடையோர் வேண்டும், ஆதலால் விலங்கிட்ட அடிமைகளே பெரும்பாலும் அங்கு வேலை செய்கின்றனர் என்கிறார். கூர்மதிக்குக் கிடைத்த பரிசு கால்விலங்கு!

அக் கம்பானியாவிலேதான் கி.மு. 73இல் ஸ்பார்ட்டகஸ் கிளர்ந்தெழுந்தான். வெசூவியசு மலையில் ஒதுங்கிய அடிமைகளை உரோமப் படை ஒற்றை வழியை அடைத்து முற்றுகையிட்டது. அவர்களோ உச்சியில் படர்ந்திருந்த காட்டுத் திராட்சைக் கொடிகளை அறுத்து, ஏணியாகப் பின்னி, செங்குத்துப் பாறை வழியே இறங்கிப் படையைச் சிதறடித்தனர்.

இனி நம் மலைகளுக்கு வருவோம். 1867இல் ஜேம்ஸ் டெயிலர் லூல்கந்துரத் தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார். 1869இல் தோன்றிய இலைநோய் கோப்பியை அழிக்கவே, நுவரெலியா, அட்டன் மலைகளெங்கும் தேயிலை படர்ந்தது. தமிழ்நாட்டிலிருந்து வந்த தொழிலாளி அடிமையல்லன். அவன் காலில் விலங்கில்லை. ஆனால் அவன் கடன் 'துண்டில்' எழுதப்பட்டிருந்தது. அக்கடனை வேறொரு தோட்டம் ஏற்றாலன்றி அவன் அங்குப் பெயர இயலாது. 1921இல்தான் சட்டம் அம்முறையை ஒழித்தது. தேயிலைப் பெட்டியில் தோட்டத்தின் பெயர் பொறிக்கப்பட்டது. கொழுந்தெடுத்தவளின் பெயர் செக்ரோலுக்கு அப்பால் செல்லவில்லை.

டெயிலர் தேயிலை நட்ட அதே ஹேவாஹெட்டப் பகுதியில், முல்லோயாத் தோட்டத்தில், 1940 ஜனவரி 10ஆம் நாள் கூலி உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் செய்தோர்மீது பொலிஸார் சுட்டனர். கோவிந்தன் மாண்டார். உழைப்பால் பெயர் பெறாதவர் எதிர்ப்பால் பெயர் பெற்றார். ஸ்பார்ட்டகஸ் பெற்றதும் அவ்வாறே அன்றோ? 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டமோ இம் மக்களுட் பெரும்பாலோரை நாடற்றோர் ஆக்கிற்று. எஞ்சியோர்க்கு 2003ஆம் ஆண்டுச் சட்டமே வழி திறந்தது.

உயிர் கொடுத்தால்தான் ஒருவர் பெயர் வரலாற்றில் ஏறும் என்பது நீதியாகாது. பிரட்டுக்களத்தில் நாள்தோறும் கூப்பிடப்பட்ட பெயர்கள் செக்ரோலோடு மட்கிப்போக விடலாமா? தோட்டப் பாடசாலை ஒவ்வொன்றும் தன் லயங்களின் வரலாற்றை, முதியோர் இருக்கும்போதே கேட்டு எழுதத் தொடங்கட்டும். மதுச்சாடியில் இடம் பெறாத பெயர்களை இனி எவராலும் மீட்க இயலாது. தேயிலைப் பெட்டியில் இடம் பெறாத பெயர்களை நம்மால் இன்னும் மீட்க இயலும்.