மஹாலை ரிப்பேர் பண்ண ஆள் வேணும்: மதுரையும் ஒரு ஆர்க்கிடெக்ட் வேலையும்

இன்னைக்கு ஒரு வேலை தேடுற கதை. ஆனா கதை நடக்கிறது 1860-கள்ல.

அதுக்கு முன்னாடி ஒரு சின்ன சோதனை. உங்க போன்ல ஏதாவது வேலை தேடுற ஆப்பைத் திறந்து 'ஆர்க்கிடெக்ட்'னு தட்டிப் பாருங்க. வரிசையா சொல்யூஷன் ஆர்க்கிடெக்ட், கிளவுட் ஆர்க்கிடெக்ட், டேட்டா ஆர்க்கிடெக்ட்னு வரும். எல்லாம் எங்க ஐ.டி. ஆளுங்க வேலை. செங்கல், சிமென்ட், வரைபடம்னு அஞ்சு வருஷம் பி.ஆர்க் படிச்சவங்களுக்கான வேலை எங்கேயோ மூணாவது பக்கத்துல கிடக்கும். இத்தனைக்கும் 1972-ஆம் ஆண்டு ஆர்க்கிடெக்ட் சட்டப்படி, கட்டடத் துறையில அந்தப் பட்டத்தைப் போட்டுக்க கவுன்சில் ஆஃப் ஆர்க்கிடெக்சர்ல பதிவு பண்ணியிருக்கணும். 2020-ல உச்ச நீதிமன்றமும் இதைப் பத்திப் பேசியிருக்கு: பதிவு பண்ணாதவங்க அந்த வேலையைச் செய்யலாம், ஆனா அந்தப் பட்டப் பேரை வச்சுக்க முடியாது. பேருக்கு இவ்வளவு காவல் இருக்கு. சரியான ஆளையும் சரியான வேலையையும் சேர்த்து வைக்கிறது யாரு? இதுதான் இன்னைக்குக் கேள்வி. பதில் தேட நாம போகப் போற இடம், மதுரை திருமலை நாயக்கர் மஹால்.

இடிஞ்சு கிடந்த அரண்மனை

திருமலை நாயக்கர் ஆட்சிக்காலம் 1623 முதல் 1659 வரை. மஹாலைக் கட்டினது 1636 வாக்கில். உள்ளே போனா முதல்ல கழுத்து வலிக்கும், ஏன்னா தூண்களை அண்ணாந்து பார்த்துக்கிட்டே இருப்போம். திராவிடக் கட்டடக் கலையும் இஸ்லாமிய பாணி வளைவுகளும் ஒரே கூரைக்குக் கீழே சண்டை இல்லாம நிக்கிற இடம் அது. இன்னைக்கு நாம பார்க்கிறது மூல அரண்மனையில சுமார் கால்வாசிதான்னு சொல்றாங்க. அவரோட பேரன் சொக்கநாத நாயக்கர் தலைநகரைத் திருச்சிக்கு மாத்தினப்போ, இங்கிருந்து நிறைய பகுதிகளைப் பெயர்த்து எடுத்துட்டுப் போனதா வரலாறு. மிச்சமிருந்தது வெயிலுக்கும் மழைக்கும் விட்ட இடம்.

அந்தக் காலத்துல கட்டடம் கட்டுற ஆளை எப்படித் தேடினாங்க? விளம்பரம் கிடையாது. ஸ்தபதிகள் பரம்பரை. அப்பாகிட்ட இருந்து மகன் கத்துக்குவார். ஒரு கோயில் திருப்பணியில பேர் வாங்கினா அடுத்த ஊர்க்காரங்க கூப்பிடுவாங்க. இந்த முறையில ஒரு பலம் உண்டு: வேலை தெரியாத ஆள் உள்ளே வரவே முடியாது. அதே முறையில ஒரு குறையும் உண்டு: அந்தக் குடும்பத்துல பிறக்காத ஆளும் உள்ளே வர முடியாது.

ஒரு போட்டி, ஒரு கவர்னர்

இப்போ 1864-க்கு வருவோம். சென்னையில பிரசிடென்சி காலேஜுக்கும் பல்கலைக்கழக செனட் ஹவுஸுக்கும் கட்டடம் வேணும். அரசு வடிவமைப்புப் போட்டி அறிவிச்சது. இன்னைக்கு மொழியில சொன்னா ஓப்பன் ஜாப் போஸ்டிங். ஜெயிச்சவர் ராபர்ட் ஃபெலோஸ் சிசம். 1840-ல பிறந்தவர், அப்போ வயசு இருபத்தி நாலு, இருபத்தஞ்சு. இந்த பாட்காஸ்ட் கேக்குற உங்கள்ல பாதிப் பேர் வயசு. போட்டியில ஜெயிச்சு சென்னைக்கு வந்து, பின்னால அரசோட ஆலோசக ஆர்க்கிடெக்ட் ஆனார்.

இங்கே கவனிங்க. போட்டி அவருக்கு வேலை வாங்கிக் கொடுத்தது. ஆனா முதல்ல அவர் கட்டின பிரசிடென்சி காலேஜ், 1870-ல திறந்தது, பெரும்பாலும் இத்தாலிய பாணி. நல்ல கட்டடம்தான். அதைப் பார்த்து "இது சிசம் மட்டுமே கட்டக்கூடியது"ன்னு யாரும் சொல்ல மாட்டாங்க.

1866-ல நேப்பியர் பிரபு சென்னை மாகாணத்துக்கு கவர்னரா வந்தார். 1872 வரைக்கும் இருந்தார். கட்டடக் கலையில தனிப்பட்ட ஆர்வம் உள்ள மனுஷன். 1870-ல சென்னையில, இந்தியாவுல கட்டுற கட்டடங்களுக்கு ஐரோப்பிய பாணியை அப்படியே இறக்குமதி பண்ண வேண்டாம், இங்கே இருக்கிற பாணிகளைப் பாருங்கன்னு ஒரு உரையே நிகழ்த்தினார். அவர் ஆட்சியிலதான் மதுரை மஹாலைப் பழுதுபார்க்க முடிவாச்சு. அந்த வேலைக்கு வந்தவர் சிசம்.

பழுதுபார்க்கிறதுன்னா சும்மா இல்லை. எந்தச் சுவர் பாரம் தாங்குது, எது வெறும் அலங்காரம், சுண்ணாம்புப் பூச்சு எத்தனை அடுக்கு, வளைவு எந்த இடத்துல விரிசல் விடுதுன்னு அங்குலம் அங்குலமா படிக்கணும். கோடு எழுதுறவங்களுக்குச் சொல்றேன்: ஆவணமே இல்லாத பழைய லெகசி கோடை, ஓடிக்கிட்டு இருக்கும்போதே சரி பண்ற மாதிரி. அந்த மஹாலைப் பத்தி சிசம் பின்னால லண்டன் ஆர்க்கிடெக்டுகள் சங்கத்துல கட்டுரையே கொடுத்தார். 1874-க்கும் 1879-க்கும் நடுவுல கட்டின செனட் ஹவுஸைப் போய்ப் பாருங்க. கோபுரங்கள், குவிமாடங்கள், வண்ணங்கள். பிரசிடென்சி காலேஜ் கட்டின அதே கைதான், ஆனா இப்போ அந்தக் கைக்குன்னு ஒரு கையெழுத்து வந்துடுச்சு. இந்தோ சாரசெனிக்னு நாம சொல்ற பாணியில முன்னோடிக் கட்டடங்கள்ல அது ஒண்ணு.

என் பார்வையில, விளம்பரம் சிசமுக்கு ஒரு வேலையைக் கொடுத்தது. வேலையும் தெரிஞ்சு ஆளையும் தெரிஞ்ச ஒருத்தரோட ஆதரவு, அவருக்கான வேலையைக் கொடுத்தது. 1881-ல பரோடா லட்சுமி விலாஸ் அரண்மனையோட ஆர்க்கிடெக்ட் சார்லஸ் மாண்ட் இறந்துபோக, அதை முடிக்கிற பொறுப்பும் சிசமுக்கு வந்தது. மதுரை, சென்னைக் கட்டடங்களை விட நல்ல போர்ட்ஃபோலியோ என்ன வேணும்?

நேப்பியர் இல்லாதவங்க

ஆனா கதையோட இன்னொரு பக்கத்தையும் பேசணும். கவர்னரோட கண்ணுல படுற தூரத்துல இருந்தவங்க யாரு? சிசம் மாதிரி வெள்ளைக்காரங்க. மஹால்ல சாரம் ஏறி சுண்ணாம்பு அரைச்சுப் பூசின கொத்தனார்கள், தச்சர்கள் பேரைத் தேடினா சிசம் பேர் கிடைக்கிற மாதிரி கிடைக்காது. சிபாரிசுங்கிறது எப்பவும் இப்படித்தான்: உள்ளே இருக்கிறவங்களுக்குக் கதவு, வெளியே இருக்கிறவங்களுக்குச் சுவர்.

இந்தச் சுவரை உடைக்கிற முயற்சிகளும் நடந்திருக்கு. 1957-ல மாமல்லபுரத்துல அரசு சிற்பப் பயிற்சி தொடங்கினது. பரம்பரையில வந்த கலை வகுப்பறைக்கு வந்தது. மதுரையிலேயே தியாகராசர் பொறியியல் கல்லூரியில பி.ஆர்க் படிக்கலாம். ஆனா படிப்பு திறந்த அளவுக்கு வேலை திறந்துச்சா?

எங்க சித்தி பொண்ணு மதுரையில பி.ஆர்க் முடிச்சா. குடும்பத்துல அந்தத் துறைக்குப் போன முதல் ஆள். பொதுவான கன்சல்டன்சிகள்ல இருந்து அவளுக்கு வந்த அழைப்புகள்ல பாதி "ஜாவா தெரியுமா?"ன்னு ஆரம்பிச்சது. மீதி, நாள் முழுக்க மாடுலர் கிச்சன் வரையிற வேலை. ஒருநாள் ஆர்க்கிடெக்சர் வேலைகளுக்கு மட்டும் ஆள் எடுக்கிற ஒரு ரெக்ரூட்டர் பேசினாங்க. அவங்க முதல் கேள்வியே வேற: "இந்தப் பழைய வீட்டு டிராயிங், நீங்களே டேப் பிடிச்சு அளந்ததா?" ஆமான்னா. "அளக்கும்போது எங்கே மாட்டிக்கிட்டீங்க?" அடுத்த அரை மணி நேரம் அதைப் பத்தியே பேச்சு. பழைய கட்டடங்களைப் பாதுகாக்கிற ஒரு சின்ன ஆபீஸ்ல இப்போ இருக்கா. சித்தப்பாவுக்கு இன்னமும் வருத்தம்தான், மாடுலர் கிச்சன்ல சம்பளம் அதிகம். அந்த வருத்தம் பொய்னு நான் சொல்ல மாட்டேன். கல்விக் கடன் கட்டுறது அவர்தானே.

அந்த மாதிரி ரெக்ரூட்டர் செய்யறது நேப்பியர் செஞ்ச வேலையைத்தான், கவர்னர் மாளிகை இல்லாம. கான்செப்ட் வரையிற ஆள் வேற, ஒர்க்கிங் டிராயிங் போடுற ஆள் வேற, சைட்ல நின்னு மேஸ்திரிகிட்ட பேசுற ஆள் வேறன்னு அவங்களுக்குத் தெரியணும். ஆஸ்பத்திரி கட்டுற அனுபவமும் அபார்ட்மென்ட் கட்டுற அனுபவமும் ஒண்ணு இல்லைன்னு தெரியணும்.

நீங்க வேலை தேடுறீங்கன்னா மூணு விஷயம் பாருங்க. ஒண்ணு, அவங்க உங்க போர்ட்ஃபோலியோவைப் பத்திக் கேள்வி கேக்குறாங்களா, இல்லை சாஃப்ட்வேர் பேரை மட்டும் டிக் அடிக்கிறாங்களா? ரெண்டு, குழுவா செஞ்ச டிராயிங்ல உங்க பங்கு எதுன்னு நீங்க தெளிவா எழுதியிருக்கீங்களா? மூணு, பணம். ரெக்ரூட்டருக்கு ஃபீஸ் கொடுக்கிறது ஆள் எடுக்கிற கம்பெனி. உங்ககிட்ட 'ரிஜிஸ்ட்ரேஷன் சார்ஜ்' கேட்டா போனை வச்சுடுங்க.

சரியான ஆள் கிடைக்காத விலை

இது வேலை தேடுறவங்க பிரச்சினை மட்டும் இல்லை. 2018 பிப்ரவரி 2 ராத்திரி மீனாட்சி அம்மன் கோயில் வீரவசந்தராயர் மண்டபத்துல தீப்பிடிச்சது ஞாபகம் இருக்கா? தீயை அணைச்சாச்சு. சீரமைப்பு வருஷக்கணக்கா இழுத்தது. அந்த அளவு தூணுக்கு ஏத்த கல்லை நாமக்கல் மாவட்டத்துல தேடி எடுக்க வேண்டியிருந்தது. அதைச் செதுக்கத் தெரிஞ்ச கைகளும் எல்லா ஊர்லயும் கிடைக்காது. அந்தக் கைகளை நாம பாதுகாக்கலைன்னா, அடுத்த தடவை கல் கிடைச்சாலும் ஆள் கிடைக்காது.

மஹால் அதுக்கு நேர்மாறான உதாரணம். சீரமைச்ச பிறகு அது வெறுமனே நிக்கலை. 1970 வரைக்கும் மாவட்ட நீதிமன்றம் அங்கேதான் நடந்தது. இடிஞ்சு போயிருக்க வேண்டிய கட்டடத்துக்குள்ள நூறு வருஷம் வழக்கு நடந்திருக்கு.

உங்களுக்குத் தெரிஞ்ச பி.ஆர்க் தம்பி, தங்கச்சி யாராவது "வேலையே இல்லை"ன்னு சொன்னா இந்த எபிசோடை அனுப்புங்க. அதோட நிறுத்தாம, அவங்க போர்ட்ஃபோலியோவை வாங்கிப் பார்த்து ரெண்டு கேள்வியும் கேளுங்க. அடுத்த எபிசோடுல பார்ப்போம்.