பொதுமுடக்கமும் பெண்களின் மீள்திறனும்: குடும்ப வன்முறை குறித்த ஒரு மறுபார்வை

முன்னுரை

கொரோனா பரவலைத் தடுக்க 2020 மார்ச் 25 முதல் இந்தியா முழுவதும் பொதுமுடக்கம் நடைமுறைக்கு வந்தது. அக்காலத்தில் வீட்டுக்குள் அடிபட்ட பெண்களைப் பற்றிப் பேசுவோர் அவர்களின் மனஉறுதியை வியப்பதுண்டு. மீள்திறனைத் தனிமனிதக் குணமாகக் காணும் இப்பார்வை போதாது. உதவி கேட்கவும் வெளியேறவும் ஒரு பெண்ணுக்கு எத்தனை வழிகள் திறந்திருக்கின்றன என்பதே மீள்திறனின் அடிப்படை என இக்கட்டுரை வாதிடுகிறது.

புகார்களும் மௌனமும்

தேசிய மகளிர் ஆணையத்துக்கு 2020 மார்ச் 2 முதல் 8 வரை 30 குடும்ப வன்முறைப் புகார்கள் வந்தன. மார்ச் 23 முதல் ஏப்ரல் 1 வரை 69. முன்னது ஏழு நாள் கணக்கு, பின்னது பத்து நாள் கணக்கு. நாள் சராசரி பார்த்தாலும் உயர்வு தெளிவாகத் தெரிகிறது. இந்தப் பத்து நாள்களில் பெரும்பகுதி மதுக்கடைகள் மூடிக்கிடந்தவை. ஆகவே, குடியை மட்டுமே காரணமாகச் சொல்லும் வழக்கமான விளக்கம் இங்கே எடுபடவில்லை.

ஏப்ரல் 10 அன்று ஆணையம் வாட்ஸ்அப் எண் ஒன்றை அறிவித்தது. ஆனால், ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி (2019–21), தாமே பயன்படுத்தும் கைப்பேசி வைத்திருந்த பெண்கள் ஏறத்தாழ 54 விழுக்காட்டினரே. கைப்பேசி இருந்தும் பயனில்லாத நிலையும் உண்டு. ஓரறை வீட்டில் கணவன் நாள்முழுதும் இருக்கையில், அவன் குளிக்கப்போகும் நேரம் பார்த்துச் செய்தி அனுப்பி, அனுப்பிய சுவடு தெரியாமல் அழிக்கவும் வேண்டும். அதே ஆய்வில், வன்முறைக்கு உள்ளான பெண்களில் 14 விழுக்காட்டினர் மட்டுமே உதவி நாடியிருந்தனர். எனவே, புகார் வராததைப் பொறுமை என்றோ மீள்திறன் என்றோ வாசிப்பது பிழை.

அடைபட்ட வழிகள்

வழக்கமான நாள்களில் தாய்வீடு, வேலையிடத் தோழிகள், மகளிர் சுயஉதவிக் குழு, அக்கம்பக்கத்தார் எனச் சில புகலிடங்கள் உண்டு. பொதுமுடக்கம் இவற்றை ஒரே நாளில் அடைத்தது. தமிழ்நாட்டில் மாவட்டம் விட்டு மாவட்டம் செல்ல இ-பாஸ் கேட்டார்கள். திருமணம், இறப்பு, மருத்துவ அவசரம் ஆகியவற்றுக்கு அது கிடைத்தது. அடி தாங்காமல் தாய்வீடு போகிறவள் எந்தக் காரணத்தை எழுதுவாள்?

போக்கிடம் எவ்வளவு முக்கியம் என்பதைப் பிரதீப் பண்டாவும் பினா அகர்வாலும் 2005இல் வெளியிட்ட ஆய்வு காட்டுகிறது. திருவனந்தபுரம் மாவட்டத்தில் நிலமோ வீடோ இல்லாத பெண்களில் 49 விழுக்காட்டினர் கணவனின் உடல்வன்முறைக்கு உள்ளாகியிருந்தனர். இரண்டும் உடையவர்களில் 7 விழுக்காட்டினரே. இவ்வேறுபாட்டை மனஉறுதியால் விளக்க முடியாது. இவள் புறப்பட்டால் தங்க இடமுண்டு என்று கணவனுக்கும் தெரியும் என்பதே பொருத்தமான விளக்கம்.

முடிவுரை

போக்கிடத்தின் முக்கியத்துவத்தைச் சட்டம் முன்பே உணர்ந்திருக்கிறது. குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம், 2005இன் 17ஆம் பிரிவு, வீடு யார் பெயரில் இருந்தாலும் அங்கே வாழும் உரிமையைப் பெண்ணுக்குத் தருகிறது. அடிப்பவனை வெளியேற்ற 19ஆம் பிரிவின்கீழ் நீதித்துறை நடுவர் உத்தரவிடலாம். இந்த உத்தரவைப் பெறப் பெண்ணுக்குத் துணைநிற்க வேண்டியவர் பாதுகாப்பு அலுவலர். இனியொரு பேரிடர் வந்தால், அவர் பணியை முதல் நாளிலேயே அத்தியாவசியப் பணியாக அறிவிக்க வேண்டும். பயண அனுமதிக்கான காரணங்களில் வீட்டு வன்முறையையும் சேர்க்க வேண்டும். இவற்றைச் செய்யாமல் பெண்களின் மீள்திறனைப் பாராட்டும் அரசு, தன் கடமையை அவர்கள் தலையில் கட்டுகிறது.