கணையமும் காண்டா வாளியும்

மலாக்காவின் பூக்கிட் லிந்தாங்கில் 1896ஆம் ஆண்டு தான் சே யான் என்னும் சீன வணிகர் 40 ஏக்கர் நிலத்தில் இரப்பர் பயிரிட்டார். மலாயாவில் வணிக நோக்கோடு எழுந்த முதல் இரப்பர்த் தோட்டம் அதுவே. அடுத்து அவர் பூக்கிட் அசஹானில் பெரிய அளவில் நட்டார். நாளடைவில் ஜாசின், அலோர் காஜா வட்டாரங்களிலும் தோட்டங்கள் பரவின. தமிழகத்து மக்கள் கப்பலேறி வந்து லயங்களில் குடியேறினர்.

மரத்தின் பாலை உலகம் தேடிய அதே காலத்தில், ஐரோப்பிய ஆய்வுக்கூடங்கள் மனித உடலின் சுரப்புகளைத் தேடின. 1889இல் மின்கோவ்ஸ்கி, வான் மேரிங் இருவரும் ஒரு நாயின் கணையத்தை அகற்றினர். அதன் சிறுநீரில் சர்க்கரை இறங்கியது. 1902இல் இலண்டனில் பேலிஸும் ஸ்டார்லிங்கும், சிறுகுடலில் பிறக்கும் ஒரு பொருள் குருதிவழிச் சென்று கணையத்தைத் தூண்டுவதைக் கண்டனர். நரம்பின் ஏவலின்றியே ஓர் உறுப்பு மற்றோர் உறுப்புக்குச் செய்தி அனுப்பக் கூடும் என்பது அன்று பெரும் புதுமை. அத்தகைய பொருளை 1905இல் ஸ்டார்லிங் ஹார்மோன் என்று அழைத்தார்.

உமிழ்நீர்ச் சுரப்பிக்கு நாளம் உண்டு. ஹார்மோன் சுரப்பிகளுக்கோ நாளமில்லை. சுரப்பது நேரே குருதியில் கலக்கிறது. தைராய்டு உடலின் எரிவேகத்தை ஆள்கிறது. அட்ரீனல் நெருக்கடி நேரத்தில் உடலை ஆயத்தப்படுத்துகிறது. பட்டாணி அளவேயுள்ள பிட்யூட்டரி மற்றச் சுரப்பிகள் பலவற்றை ஏவுகிறது. ஆயினும் தோட்டத் தமிழரின் வாழ்வோடு மிக நெருங்கிப் பின்னிக் கிடப்பது கணையமே.

சோறு உண்டபின் குருதியில் சர்க்கரை ஏறுகிறது. உடனே கணையத்தின் லாங்கர்ஹான்ஸ் திட்டுகள் இன்சுலினைச் சுரக்கின்றன. அது தசையின் கதவைத் திறந்து சர்க்கரையை உள்ளே விடுகிறது; மிச்சத்தைக் கல்லீரலில் சேமிக்கச் செய்கிறது. பசிவேளையில் அதே திட்டுகளிலிருந்து குளுக்ககான் புறப்பட்டுச் சேமிப்பை வெளியே எடுக்கிறது. இதில் நம்மவர் அறியாத நுட்பம் ஒன்றுண்டு: உழைக்கும் தசை, இன்சுலினை எதிர்பாராமலேயே சர்க்கரையை இழுத்துக்கொள்ளும்.

பால்வெட்டுத் தொழிலாளியின் நாளை எண்ணிப் பார்த்தால் இதன் பொருள் விளங்கும். விடியுமுன் எழுந்து, வெறுங்கோப்பியோடு பெரட்டுக்களத்தில் நின்று, நிரை நிரையாக நூற்றுக்கணக்கான மரங்களைக் குனிந்தும் நிமிர்ந்தும் சீவி, பின் காண்டா வாளியில் பாலைச் சுமந்து மேடும் பள்ளமும் நடந்தவர் அவர். காலைப் பொழுது முழுவதும் குளுக்ககான் எடுத்துக் கொடுத்ததைத் தொடையும் தோளும் எரித்துத் தீர்த்தன. கணையத்திற்குச் சுமை குறைவு. அந்தத் தலைமுறையை வாட்டியவை மலேரியாவும் கொக்கிப்புழுவும் சோகையுமே. அவ்வாழ்க்கையைப் பொற்காலம் என்பது பிழை. வறுமை ஒருபோதும் மருந்தாகாது.

பின்னர் இரப்பர் சாய்ந்து செம்பனை வந்தது. தோட்டங்கள் பல வீடமைப்புத் திட்டங்களாயின. தோட்டத்துப் பிள்ளைகள் பத்து பெரெண்டாம், ஆயர் குரோ பக்கத்துத் தொழிற்சாலைகளில் இயந்திரத்தருகே நின்றனர்; தாமான்களில் குடியேறினர். உழைப்பு மாறியது, சோற்றின் அளவு மாறவில்லை. கெட்டிப்பால் கலந்த தேநீர் கூடிக்கொண்டது. தசை இன்சுலினின் சொல்லுக்குச் செவிசாய்க்க மறுக்கத் தொடங்கும்போது, கணையம் மேலும் மேலும் சுரந்து ஈடு கட்டுகிறது. ஆண்டுகள் பல அது புறத்தே தெரிவதில்லை. இறுதியில் சுரப்பி தளர்கிறது, நீரிழிவு வெளிப்படுகிறது. புனேயில் யாஜ்னிக் நடத்திய ஆய்வுகள், இந்தியக் குழந்தைகள் மெலிந்து பிறந்தாலும் கொழுப்பு விகிதம் கூடியவர்களாக இருப்பதைக் காட்டின. மெலிந்தவருக்கும் இந்நோய் வருவதேன் என்பதற்கு அது ஒரு விளக்கம்.

1986இல் மலேசியாவில் எடுக்கப்பட்ட தேசியக் கணக்கெடுப்பில் 35 வயதுக்கு மேற்பட்டோரில் 6.3 விழுக்காட்டினர்க்கு நீரிழிவு இருந்தது. 2019இல் 18 வயதுக்கு மேற்பட்டோரில் அது 18.3 விழுக்காடு; இந்தியரில் 31.4 விழுக்காடு. வயது வரம்புகள் வேறாதலால் இரண்டையும் நேருக்கு நேர் ஒப்பிடலாகாது. ஆனால் இந்தியர் மூவரில் ஒருவரை நெருங்கும் கணக்கை எவ்வாறு புறந்தள்ளுவது?

இதற்கிடையே இன்சுலின் ஊசி என்றாலே கடைசிக் கட்டம் என்று அஞ்சுவோர் நம்மிடையே உளர். அவ்வச்சத்தால் காலம் கடத்திக் காலையே இழந்தவர்களும் உண்டு. டொராண்டோவில் 1921இல் பாண்டிங்கும் பெஸ்ட்டும் கணையச் சாற்றைப் பிரித்தனர். காலிப் அதைத் தூய்மைப்படுத்தினார். 1922 சனவரியில் லெனார்டு தாம்சன் என்னும் 14 வயதுச் சிறுவனுக்கு அது ஏற்றப்பட்டது. பட்டினி உணவில் எலும்பும் தோலுமாய்ச் சாவை எதிர்நோக்கிக் கிடந்த அவன், மேலும் 13 ஆண்டுகள் வாழ்ந்தான். ஊசியில் இருப்பது அயல்நஞ்சன்று. சுரப்பி தரவியலாமற்போன அதே பொருள்.

உழைக்கும் தசையின் கதவோ நீரிழிவு வந்தபின்னும் அடைபடுவதில்லை. காண்டா வாளியைத் தூக்கியவர்க்கு அன்று திறந்த அதே வழி, தாமான் தெருவில் விரைந்து நடப்பவர்க்கும் திறக்கிறது.