சால்போர்டு நகரத்து மீன் கடைக்காரர்

கடல் கடந்து குடியேறிய மக்களின் வாழ்க்கையைக் கண்ணீராற் காட்டிய நாடகங்கள் பல. சிரிக்கச் செய்து, அச்சிரிப்பின் நடுவே நெஞ்சைச் சுடும் நாடகங்கள் சிலவே. அச்சிலவற்றுள் ஒன்று, அயூப் கான் தீன் ஆங்கிலத்தில் எழுதிய 'ஈஸ்ட் இஸ் ஈஸ்ட்'. 'கிழக்கு கிழக்கே' என்பது அதன் பொருள். பம்பாயிற் பிறந்த ஆங்கிலக் கவிஞர் கிப்ளிங்கின் பாட்டொன்றிலிருந்து எடுத்த பெயர். ஊர்விட்டு ஊர்வந்து குடித்தனம் நடத்தும் நம் காலனி அன்பர்கள் இந்நாடகத்தின் வரலாற்றை அறிதல் நன்றென்று கருதி ஈண்டு எழுதலானோம்.

கதை நிகழுமிடம் மாஞ்செஸ்டரை அடுத்த சால்போர்டு. காலம் 1970ஐ ஒட்டியது. ஜார்ஜ் கான் என்னும் பாகிஸ்தானியர் அங்கே மீன் வறுவலும் உருளைக்கிழங்கு வறுவலும் விற்கும் கடை நடத்துகிறார். மனைவி எல்லா என்பாள் ஆங்கில மாது. முதல் மனைவியோ பாகிஸ்தானில் இருக்கிறாள். வீட்டிலே சச்சரவு முற்றும்போதெல்லாம் அவளை வரவழைத்துவிடுவதாக மிரட்டுவது கானின் வழக்கம். மக்கள் எழுவர்: ஆண்கள் அறுவர், பெண் ஒருத்தி.

மூத்தவன், தந்தை பார்த்த மணத்திற்கு இசையாமல் வீட்டைவிட்டு ஓடிப்போனவன். அதனால் தந்தை மனம் மாறினாரா? இல்லை. அடுத்த இருவருக்கும், அவர்களைக் கேளாமலே, ஷா என்பவரின் இரு புதல்வியரை நிச்சயம் செய்துவிடுகிறார்! இன்னொருவன் எஞ்சினீரிங் படிப்பதாகத் தந்தையை நம்பவைத்துவிட்டுக் கலைக் கல்லூரியிற் பயில்கிறான். கடைக்குட்டி சாஜித்தோ, தலைமூடி வைத்த மேலங்கி ஒன்றைக் கழற்றவே மறுக்கிறான். அதற்குள் ஒடுங்கிக்கொண்டால் வீட்டுச் சண்டை தன்னை எட்டாதென்று எண்ணினான் போலும்.

இவ்வீட்டுச் சண்டைக்கு வெளியே இரு பெரும் மாறுதல்கள் நடந்துகொண்டிருந்தன. அவற்றை அறியாதார்க்கு இந்நாடகம் வெறும் கூத்தாகவே தோன்றும்.

முதலாவது, இங்கிலாந்து கதவை அடைத்தது. 1948ஆம் ஆண்டுச் சட்டப்படி காமன்வெல்த் நாட்டினர் தடையின்றி அங்கே குடியேறலாம். 1962இல் வந்த சட்டம், வேலைக்கு வருவோரிடம் அனுமதிச் சீட்டுக் கேட்டது. (பாரங்களோடும் முத்திரைகளோடும் காலந்தள்ளும் ரயில்வே குமாஸ்தாவாகிய நமக்கு, ஒரு சீட்டு மனிதனை எவ்வளவு அலைக்கழிக்கும் என்பதை எவரும் சொல்லவேண்டுவதில்லை.) 1968 ஏப்ரல் 20ஆம் நாள் பர்மிங்காம் நகரில் ஈனாக் பவல் என்னும் அரசியல்வாதி, குடியேறியோருக்கு எதிராக நெருப்பைக் கக்கினார். அவர் கட்சித் தலைவர் ஹீத் மறுநாளே அவரைப் பொறுப்பிலிருந்து விலக்கினார். ஆனால் லண்டன் துறைமுகத் தொழிலாளர் அவருக்கு ஆதரவாக ஊர்வலம் போயினர். 1971ஆம் ஆண்டுச் சட்டம், பெற்றோரோ பாட்டன் பாட்டியோ பிரிட்டனிற் பிறந்தவர்க்குச் சலுகை தந்து, ஏனையோர்க்கு வழியை மேலும் குறுக்கியது.

இரண்டாவது மாறுதல் இதனினும் கொடியது. கான் தம் மக்களை எந்த நாட்டின் மக்களாக வளர்க்க அரும்பாடுபட்டாரோ, அந்த நாடே பிளந்துகொண்டிருந்தது. கிழக்கு பாகிஸ்தானிலே 1971 மார்ச்சு 25ஆம் நாள் இரவு இராணுவத்தின் அடக்குமுறை தொடங்கியது. டிசம்பர் 3இல் இந்தியாவோடு போர் மூண்டது. 16இல் டாக்காவில் பாகிஸ்தான் படை சரணடைய, வங்கதேசம் நிலைபெற்றது. நாடகத்திலே கான் தாயகத்துச் செய்திகளுக்குச் செவிசாய்த்து மனம் கலங்குகிறார். மக்களுக்கோ அவை யாரோ எவரோ பற்றிய செய்திகள். புறப்பட்ட நாளில் தாம் கண்ட ஊரையே கான் நெஞ்சிற் பூட்டி வைத்திருந்தார். அவ்வூர் அவருக்காகக் காத்திருக்கவில்லை. ஊருக்குக் கடிதம் எழுதும் நம்மிற் பலருக்கும் இது புதிதன்று.

ஆங்கில மாதை மணந்து, ஆங்கிலேயரின் உணவையே விற்றுப் பிழைத்தவர் அவர். அத்தகையவர் மக்களின் மணத்தில் மட்டும் மரபு பேசுவானேன்? நாடகத்தின் நகைச்சுவை முழுதும் இம்முரணிலிருந்தே ஊறுகிறது. ஆயினும் ஆசிரியர் அவரைக் கோமாளியாக்கிவிடவில்லை. நல்லவராக்கி மன்னிக்கவும் இல்லை. அவர் மனைவியை அடிக்கும் காட்சியில் அரங்கின் சிரிப்பு அறுந்துபோகும். அக்காட்சியை நீக்கியிருந்தால் நாடகம் பொய்யாகியிருக்கும் என்பது நம் கருத்து.

பாகிஸ்தானியத் தந்தைக்கும் ஆங்கிலத் தாய்க்கும் பிறந்து சால்போர்டிலேயே வளர்ந்தவர் ஆசிரியர். நடிகராய் இருந்தவர், தம் இளமையையே நாடகமாக்கினார். 1989இல் தோன்றிய தமாஷா என்னும் ஆசிய நாடகக் குழு, வேறு இரு அரங்குகளோடு சேர்ந்து 1996 அக்டோபரில் இதனை முதன்முதல் அரங்கேற்றியது. எங்கே? பவல் பேசிய அதே பர்மிங்காமில்! இருபத்தெட்டு ஆண்டுகள் கழிந்திருந்தன. பவலும் அப்போது உயிரோடிருந்தார்.

பின்னர் லண்டன் அரங்குகளையும் கண்ட இது, 1999இல் திரைப்படமாயிற்று. கானாக நடித்தவர் நம் நாட்டு ஓம் பூரி. அம்பாலாவிற் பிறந்த அவருடைய தந்தையும் ரயில்வேயில் உழைத்தவரே என்பதைச் சற்றே பெருமையோடு குறிக்கிறோம். எல்லாவாக, மேடையில் நடித்த லிண்டா பாசெட்டே படத்திலும் நடித்தார். அவ்வாண்டின் சிறந்த பிரிட்டிஷ் படத்திற்கான பாப்தா பரிசும் கிடைத்தது.

மேலங்கிக்குள் ஒளிந்த சாஜித், ஆசிரியரின் இளமை உருவமே. அந்தச் சாஜித் 2014இல், லண்டன் டிரபால்கர் அரங்கில் இந்நாடகம் மீண்டும் நடந்தபோது, தம் தந்தையைப் போன்ற ஜார்ஜ் கானாகத் தாமே வேடமிட்டு மேடையேறினார்.