தரங்கம்பாடி முதல் தாம்பரம் வரை: போதகரின் சம்பளக் கதை

நம் வேளச்சேரி–தாம்பரம் சாலையில் ஞாயிற்றுக்கிழமை காலையில் நடந்தால் பெரிய கோயிலின் மணியும் கேட்கும், மாடியில் தகரக் கொட்டகை போட்டு நடத்தும் சிறு சபையின் பாட்டும் கேட்கும. அங்கே நின்று பிரசங்கம் செய்கிற போதகர் எப்படிக் குடும்பம் நடத்துகிறார் என்று நம்மில் பலர் யோசித்ததில்லை. காணிக்கைப் பை இருக்கிறதே, அவருக்கு என்ன குறை என்று நினைத்துவிடுகிறோம். நான் சம்பளப் பட்டியல் எழுதியே காலம் கழித்தவன். எந்தச் சரித்திரத்தைப் படித்தாலும், 'இவருக்குச் சம்பளம் யார் கொடுத்தது, தேதிக்கு வந்ததா' என்றுதான் என் புத்தி போகும். அந்தக் கணக்கோடு இரண்டு இடங்களைப் பார்ப்போம். ஒன்று நான் படித்த காரைக்காலுக்குப் பக்கத்திலிருக்கும் தரங்கம்பாடி. மற்றது நம் தாம்பரம்.

1706 ஜூலை 9 அன்று சீகன்பால்கு, புளுட்சோ என்ற இரண்டு ஜெர்மானிய இளைஞர்கள் தரங்கம்பாடியில் வந்து இறங்கினார்கள். அனுப்பியவர் டென்மார்க் அரசர் நான்காம் பிரடெரிக். ஊரை ஆண்டதும் டேனிஷ்காரர்களே. ஆனாலும் கோட்டை ஆளுநர் ஹாசியுஸுக்கு இவர்களைக் கண்டால் ஆகாது. ஓர் ஏழை விதவையின் கடன் வழக்கில் சீகன்பால்கு அவள் பக்கம் பேசப்போக, 1708 நவம்பரில் அவரைப் பிடித்து டேன்ஸ்போர்க் கோட்டையில் அடைத்தார் ஆளுநர். நான்கு மாதம் சிறை. அதே காலத்தில் ஐரோப்பாவிலிருந்து வந்த பணப்பெட்டியும் கரைக்கு வரும் வழியில் கடலில் விழுந்து போயிற்று.

இத்தனைக்கும் அவர் தளரவில்லை. அதற்குக் காரணம், முகம் தெரியாத சிலர் தூரத்திலிருந்து அனுப்பிய உதவி. ஜெர்மனியில் ஹாலே நகரத்துப் பேராசிரியர் பிராங்கே, தரங்கம்பாடிக் கடிதங்களை 1710 முதல் அச்சிட்டு வெளியிட்டார். படித்தவர்கள் தங்களால் ஆனதை அனுப்பினார்கள். லண்டனில் கிறிஸ்தவ அறிவு வளர்ச்சிச் சங்கம் அச்சு இயந்திரமும் காகிதமும் அனுப்பியது. அந்தக் கப்பல் 1711இல் பிரேசிலின் ரியோ துறைமுகத்தில் நின்றபோது பிரெஞ்சுக்காரர் கையில் சிக்கியது. ரியோவைப் பிடித்த துகே-த்ருவேன் என்ற கடற்படைத் தலைவரைப் பெரிய வீரர் என்றுதான் எங்கள் பிரெஞ்சு வகுப்பில் படித்தோம். அவர் பிடித்த துறைமுகத்தில் தமிழ் அச்சின் தலைவிதியும் நின்றுகொண்டிருந்தது என்பது எனக்கு வெகுகாலம் கழித்தே தெரியவந்தது. கூடவந்த அச்சுக்காரர் வழியிலேயே காய்ச்சலில் இறந்தார். இயந்திரம் மட்டும் தப்பி 1712இல் சென்னை வந்து சேர்ந்தது. 1715இல் தமிழில் புதிய ஏற்பாடு முழுதாக அச்சாயிற்று.

சிறை தாங்கிய மனிதரை உடைத்தது வேறொன்று. கோபன்ஹேகனில் இந்தப் பணியை மேற்பார்வை செய்த சபையின் செயலாளர் வெண்ட் என்பவர். போதகர் என்றால் அப்போஸ்தலர்களைப் போல வெறுங்கையோடு ஊர் ஊராகப் போகவேண்டும், பள்ளிக்கூடமும் கோயிலும் கட்டிச் செலவு வைக்கக்கூடாது என்பது அவர் கட்சி. அந்தக் கண்டிப்புக் கடிதங்கள் வந்தபோது சீகன்பால்கு ஏற்கெனவே நோயாளி. 1719 பிப்ரவரி 23 அன்று, 36 வயதில் காலமானார். உடனிருந்த கிருண்ட்லரும் அடுத்த ஆண்டு மார்ச்சில் போய்விட்டார். இருவரும் 1718இல் பிரதிஷ்டையான புதிய எருசலேம் கோயிலுக்குள்ளேயே அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார்கள்.

மேலிடத்திலிருந்து வரும் ஒரு மெமோ மனிதனை என்ன பாடுபடுத்தும் என்பது அலுவலகத்தில் இருந்தவர்களுக்குச் சொல்லித் தெரியவேண்டியதில்லை. எதிரி அடித்தால் ஊர் பரிதாபப்படும். நம் பக்கத்து ஆளே 'உனக்கு எதற்குப் பணம்' என்று கேட்டால் யாரிடம் போய்ச் சொல்வது? போதகர்களின் கஷ்டத்தில் பெரும்பங்கு இன்றைக்கும் இந்த இடத்தில்தான் இருக்கிறது.

அவர்களுக்குப் பின் வந்தவர் கடலூரில் பிறந்த ஆரோன். சீகன்பால்குவிடம் 1718இல் ஞானஸ்நானம் பெற்று, உபதேசியாராக உழைத்து, 1733 டிசம்பர் 28 அன்று குருப்பட்டம் பெற்றார். புராட்டஸ்டண்டு சபையின் முதல் தமிழ்க் குரு அவரே. அன்றைக்குத் தஞ்சை ராஜ்ஜியத்துக்குள் ஐரோப்பியர் இஷ்டம்போல் போய்வர முடியாது. ஆகவே மாயவரம் பக்கத்துக் கிராமங்களை நடந்து நடந்து பார்த்துக்கொண்டது இவர்தான். 1745இல் மறைந்தார். சீகன்பால்குவுக்குச் சிலை உண்டு. ஆரோன் பெயரைச் சொன்னால் யாரென்று கேட்பவர்களே அதிகம்.

உள்ளூர்க் குருமார் பெருகப் பெருக, அவர்களுக்குச் சோறு போடுவது யார் என்ற கேள்வியும் வளர்ந்தது. வெளிநாட்டுப் பணம் எத்தனை நாளைக்கு? இதற்கு விடை தேடியவர்களில் முக்கியமானவர் திருநெல்வேலிச் சீமை வெள்ளாளன்விளையைச் சேர்ந்த அசரியா. ஒரு கிராமத்துப் போதகரின் மகன். 1912இல் ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயரானார். தெலுங்கு நாட்டில் தோர்ணக்கல் அவருடைய இடம். அங்கே சபையார் பெரும்பாலும் பரம ஏழைகள். ஆனாலும் பெண்கள் உலையில் அரிசி போடுமுன் ஒரு பிடி எடுத்துத் தனிப்பானையில் போட்டுவைத்து, அதைக் கோயிலுக்குக் கொண்டுவருவார்கள். நம் தென்மாவட்டத்துக் கிறிஸ்தவ வீடுகளில் 'பிடி அரிசி' என்றால் பெரியவர்களுக்கு இன்றும் புரியும். ஒரு பிடி குறைந்ததால் எந்த வீடும் பட்டினி கிடந்ததில்லை. அத்தனை வீட்டுப் பிடியும் சேர்ந்தால் போதகர் வீட்டு அடுப்பு எரியும்.

இந்தக் கேள்வி உலக மேடைக்கு வந்தது நம் பக்கத்தில்தான். 1938 டிசம்பர் 12 முதல் 29 வரை, அப்போதுதான் தாம்பரத்துக்குக் குடிவந்திருந்த சென்னை கிறிஸ்தவக் கல்லூரியில் சர்வதேச மிஷனரி மாநாடு கூடியது. முதலில் சீனாவில் நடப்பதாக இருந்து, ஜப்பானியப் படையெடுப்பால் இங்கே மாறியது. ஏறத்தாழ 70 நாடுகளிலிருந்து சுமார் 470 பேர் வந்தார்கள். பாதிக்குமேல் ஆசியா, ஆப்பிரிக்கா போன்ற இளைய சபைகளின் பிரதிநிதிகள். மாநாட்டு அறிக்கை ஏழு தொகுதிகள். அதில் ஒரு தொகுதி முழுக்கச் சபையின் பொருளாதார அடிப்படையைப் பற்றியது. மேல்நாட்டுச் செலவுத் திட்டத்தை ஏழைக் கிராமத்தின் தலையில் வைத்தால் அது தாங்காது என்பதை அங்கே வெளிப்படையாகப் பேசினார்கள்.

அதிலிருந்து இன்றைக்கு வருவோம். தென்னிந்தியத் திருச்சபை போன்ற பெரிய அமைப்புகளில் சபைகள் தங்கள் பங்கைத் திருமண்டலத்துக்குக் கட்டுகின்றன, திருமண்டலம் சம்பளம் கொடுக்கிறது. இதில் ஒரு பெரிய நன்மை உண்டு. தன் சபையின் பணக்காரர் முகத்தைப் பார்த்துப் போதகர் பிரசங்கம் செய்யவேண்டியதில்லை. தனிச் சபைப் போதகருக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. கொட்டகை வாடகை போக மிஞ்சியதுதான் வருமானம். பி.எஃப். கிடையாது, பென்ஷன் கிடையாது. சம்பளம் வாங்குபவருக்கும் ஒரு சங்கடம் உண்டு. ஆயுசு முழுவதும் குருமனையில் இருந்தவர், ஓய்வுபெறும்போது வேலையோடு வீட்டையும் விடவேண்டும்.

உதவ நினைப்பவர்கள் கிறிஸ்துமஸுக்கு ஒரு சட்டைத்துணி கொடுப்பதோடு நிற்கவேண்டாம். சிறு தொகையானாலும் மாதாமாதம் ஒரே தேதியில் கொடுங்கள். கொடுத்ததைப் பத்துப் பேரிடம் சொல்லவேண்டாம். இளம் போதகராக இருந்தால் அடல் பென்ஷன் திட்டத்தில் சேர்த்துவிடுங்கள். வருமான வரி கட்டாதவர்கள் 18 முதல் 40 வயதுக்குள் சேரலாம், 60 வயதுக்குமேல் மாதம் 1,000 முதல் 5,000 ரூபாய் வரை வரும். உபதேசியார்களுக்கும் கோயில் பணியாளர்களுக்கும் தமிழக அரசின் நல வாரியம் இருக்கிறது. விண்ணப்பம் பூர்த்தி செய்யத் தெரிந்த ஓய்வூதியர்கள் நம் செம்பாக்கத்தில் தெருவுக்கு நாலு பேர் இருக்கிறோம். நமக்கு அரை மணி நேர வேலை.

முக்கியமாக, அவர் பிள்ளைக்குக் கல்லூரிக் கட்டணம் கட்டினாலோ ஒரு பழைய ஸ்கூட்டர் வாங்கினாலோ, 'போதகருக்கு இதெல்லாம் எதற்கு' என்று கேட்காதீர்கள். அந்தக் கேள்வியை 1718இலேயே ஒருவர் கேட்டுவிட்டார்.